சுவரைத் தொடாமல் நிற்கச் சொன்னவனுக்கு

மகனே,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அது மிச்சம் இருக்கிறதா என்று எழுதி முடித்தபிறகு பார்த்துக்கொள்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நீ மாடி அறையில் இருக்கிறாய். நான் கீழே சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் பதினாறு படிகள். முன்பென்றால் ஏறி வந்தே சொல்லியிருப்பேன். இரண்டு வருஷமாக அந்தப் படிகளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூப்பிட்டால் நீ இறங்கி வருவாய்தான். வந்து நின்றுகொண்டே கேட்பாய், பாதியில் செல்போன் அடிக்கும், "அப்புறம் பேசலாம்மா" என்று போய்விடுவாய். அதனால்தான் கடிதம். இதை இரண்டு பிரதி எழுதப் போகிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று வினோதினிக்கு. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குத் தெரியாமல் உன்னிடம் பேசுவதற்கு எனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் இங்கே வந்துவிட்டுப் போனாள். நீ அலுவலகத்தில் இருந்தாய், உனக்குத் தெரியாது. அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ஆனால் அதை இப்போதே சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருஷம் டிரில் டீச்சராக விசில் ஊதியவளுக்கு வரிசை கலைந்தால் பேச்சு வராது. முதலிலிருந்து வருகிறேன். நீ எல்லாம் தெரிந்தவன்தான், இருந்தாலும் பொறுமையாகப் படி.

போன வருஷம் ஜி.எஸ்.டி. ரோடு மேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர், "ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சும்மா, எலும்பும் எலும்பும் உரசுது, மாத்திடறதுதான் நல்லது" என்றார். அப்போது உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம். ஆபரேஷன் செய்துகொண்டால் மாசக்கணக்கில் வாக்கரோடு நடக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் வாட்சைப் பார்த்தாய். "கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றாய். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை. மகன் கல்யாணத்தில் வாக்கரோடு நிற்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நிமிர்ந்து நில் என்று அதட்டியவள் அல்லவா.

அடுத்த அறையில் அந்த தெரபிஸ்ட் பெண் என்னை நிற்க வைத்துப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னாள். நின்றேன். சுலபமாகத்தான் இருந்தது. "இப்ப கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன், அவ்வளவுதான், தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. அவள் என் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் அங்கேயே விழுந்திருப்பேன். வலி மட்டும்தான் மூட்டு நோய் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள்தான் புரிய வைத்தாள். நல்ல முட்டியாக இருந்தால் கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே உள்ளுக்குள் சேதி சொல்லிக்கொண்டிருக்குமாம். கெட்டுப்போன முட்டி சரியாகச் சொல்லாதாம். தொடைச் சதையும் இளைத்துவிட்டதால் தாங்கிப் பிடிக்கவும் ஆள் இல்லையாம். "நீங்க இப்போ கண்ணாலதான் நிக்கறீங்க ஆன்ட்டி. அதான் மூடினதும் ஆடறீங்க." பிறகு என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி, ஒரே ஒரு விரலைச் சுவரில் வைக்கச் சொன்னாள். "அழுத்த வேணாம், பட்டாப் போதும்." மறுபடி கண்ணை மூடினேன். ஆடவில்லை. ஒரு விரல்தான். எனக்கே நம்ப முடியவில்லை. கிளம்பும்போது அவள் உன்னைப் பார்த்துச் சொன்னது: "வீட்ல பிராக்டிஸ் பண்ணும்போது யாராவது பக்கத்துல பிடிச்சிக்கணும். கண்ணை மூடிட்டுப் பிடிமானம் இல்லாம கண்டிப்பா வேணாம் சார்." சரி என்றாய். அந்தச் சரியை நான் கேட்டேன்.

அன்றிலிருந்து என் உலகம் ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. படுக்கையறையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து சமையலறை, அங்கிருந்து பாத்ரூம். சுவரில் விரல் பட்டுக்கொண்டே இருந்தால் நான் யார் தயவும் இல்லாமல் நடந்துவிடுவேன். ஆறு மாசத்தில் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே சுவர் முழுக்க ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. எண்ணெய்க் கை, மஞ்சள் கை, மாவுக் கை எல்லாம் அதில் இருந்தது. வினோதினி வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் நீ செய்த முதல் காரியம் பெயின்டரைக் கூப்பிட்டதுதான். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சொவுத்துல தண்டவாளம் மாறி கோடு கீது? கைய வெச்சிகினே நடப்பியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். உன்னைப் பார்த்து, "சார், வூட்ல பழைய பைப்பு இருந்தா குடு, கைப்புடி ஒண்ணு அட்ச்சி வுட்டுட்டுப் போறேன். அம்மாக்கு பேஜார் இல்லாம இருக்கும்" என்றார். எங்கிருந்தோ வந்த மனுஷனுக்குத் தோன்றியது. நீ சொன்ன பதில், "வேணாங்க, வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்." சந்தனக் கலரில் ஹால் பளபளவென்று ஆனது. அன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொன்னாய், "அம்மா, இனிமே சுவத்துல கை வெக்காத. அவங்க வர்ற வரைக்குமாவது." நான் அதையும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்தது நாற்காலி. சமையலறையில் எனக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாய். "உக்கார உக்கார காலு நிக்கறதையே மறந்துடும்மா." இது எந்த டாக்டர் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வெங்காயம் நறுக்க நின்றேன், சப்பாத்தி தேய்க்க நின்றேன். சமையல் மேடையில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன், அதனால் விழவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டு, "பாரு, நிக்க முடியுதில்ல" என்றாய். மேடை என்னைத் தாங்கியது உன் கண்ணில் படவில்லை. படவில்லையா, பார்க்கவில்லையா என்று இன்றைக்கு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பிறகு ஆரம்பித்தது உன் பயிற்சி. தினம் காலையில் அலுவலகம் கிளம்புமுன், ஹால் நடுவில், எட்டிப் பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் என்னை நிறுத்தி, செல்போனில் நேரம் வைத்தாய். முதல் நாள் பதினெட்டு செகண்ட். ஒரு வாரத்தில் ஒன்றரை நிமிஷம். கண் திறந்துகொண்டு எதிர்ச்சுவர் காலண்டரையே பார்த்தபடி நிற்பேன். உன் அப்பா சோபாவில் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ புதிதாக ஒன்று கண்டுபிடித்தாய். "கல்யாண மேடையில வீடியோ லைட் மூஞ்சிக்கு நேரா அடிப்பான்மா. கண்ணு கூசும். கண்ணை மூடிட்டும் நிக்கப் பழகிக்கோ." அந்தத் தெரபிஸ்ட் பெண் சொன்னது உனக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடினேன். இருட்டில் காலே இல்லாதது போல இருந்தது. விழுந்தது தெரியாது, வாயில் ரத்தம் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்து டைல்ஸ் மேல் கிடந்தது.

இந்த இடத்தில் நான் சொல்ல வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே கிடந்தபடி நான் முதலில் கேட்டது, "எத்தனைடா?" என்றுதான். நீ என்னைத் தூக்குவதற்கு முன்னால் போனைப் பார்த்து, "நாப்பத்தொண்ணு" என்றாய். எனக்கு, மகனே, அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லை, நாற்பதைத் தாண்டிவிட்டோம் என்று இருந்தது. உன் அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஐஸ் எடுக்க ஓடினார். மறுநாளே நீ தாம்பரத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பல்லுக்கு உறை போடவைத்தாய். ஆல்பத்தில் சிரித்தால் தெரியக்கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொன்னாய். வலிக்கிறதா என்று நீ கேட்டாயா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் கேட்டார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ எங்கிருந்து இப்படி ஆனாய் என்று வெளியே தேடவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீ என் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாம் வகுப்பு படித்தாய். அந்த வருஷம் விளையாட்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. எட்டாம் வகுப்பு அணிவகுப்பில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள், இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பி, இரும்புக் கம்பி போட்ட பூட்ஸோடு நடப்பாள். நன்றாகத்தான் நடப்பாள், ஆனால் வரிசை அவள் வருகிற இடத்தில் ஒரு அடி பின்தங்கும். விழா அன்று காலையில் நான் அவளை விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரவைத்து, பந்துகளை எண்ணி எழுதச் சொன்னேன். நடுவில் வெளியே வந்துவிடுவாளோ என்று கதவைப் பூட்டி, சாவியை உன்னிடம் கொடுத்தேன். "மிஸ் சொல்ற வரைக்கும் திறக்காதே" என்றேன். நீ மைதானத்து ஓரத்தில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பையைப் பொத்தியபடி நின்றாய். என் வரிசை நூல் பிடித்ததுபோலப் போனது. அதிகாரி கை தட்டினார். வீட்டுக்கு வந்ததும், "செல்வி அக்கா உள்ள அழுதாங்கம்மா, நான் திறக்கல" என்று பெருமையாகச் சொன்னாய். நான் உனக்கு முதுகில் தட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் குட்மார்னிங் மிஸ் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் கூட நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கோணலாக இருக்கிற உடம்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். என் பாடத்தை நீ மறக்கவில்லை என்பதில் ஒரு டீச்சராக நான் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாள். வாசல் கேட்டில் நின்று வரவேற்க வேண்டும் என்றாய். உன் அப்பா எனக்குப் பின்னால் ஒட்டி நின்று, புடவைக் கொசுவம் சொருகியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னே, இடுப்பில் உள்பாவாடை நாடாவோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். முந்தானை மறைத்துவிட்டது. மளிகைப் பையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி. அவர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். வினோதினியின் அம்மா பழத் தட்டை உள்ளே கொண்டுவந்து வைக்காமல், கேட்டிலேயே என் இரண்டு கையிலும் கொடுத்தாள். தேங்காய், ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், நல்ல கனம். சரி, பழக்கம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வினோதினியின் அப்பா செருப்பைக் கழற்றவே இல்லை. கூடுவாஞ்சேரியில் லேஅவுட் போட்டு விற்கிறவர் இல்லையா, பீர்க்கன்கரணை ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா, இந்தத் தெருவில் எத்தனை அடியில் ஊற்று, ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தினால் நம் வீடு தப்புமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதெல்லாம் உன்னை, பார்த்ததெல்லாம் என்னை. உள்ளே வாங்க என்று நான் இரண்டு முறை சொன்னேன். "இருக்கட்டும்மா, காத்து நல்லா வருது" என்றார். என் முதுகில் வியர்வை வழிந்து உன் அப்பாவின் கையை நனைத்தது. நான் தூரத்து லைட் கம்பத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "இந்த வயசுலயும் எப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் புதுப் பல்லோடு சிரித்தேன். பத்து நிமிஷத்துக்குக் குறையாது. அதன் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றினார்.

அன்று நான் உனக்காகச் செய்த காரியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பெண்ணை, அவள் வீட்டாரை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தவும் செய்தது. கல்யாணம் முடிந்ததும் வினோதினியிடம் நானே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பாத்ரூமில் தனியாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். அவள் வியாழக்கிழமை தானே வந்து நின்றதும், இதுதான் நேரம் என்று நினைத்தேன். நான் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போய்க் கதவைத் திறந்தேன். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, சமையலறைக்குப் போய் அவளே காபி கலந்துகொண்டு வந்தாள். நான் என் மன்னிப்பை ஆரம்பிக்குமுன் அவள் சொன்னாள்: "அன்னைக்கு ரொம்ப நல்லா நின்னீங்களாம் அத்தை. அப்பா வீட்டுக்கு வந்ததும் பாஸ்னு சொல்லிட்டாரு."

என்னம்மா பாஸ் என்று கேட்டேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நீ முதல் பேச்சிலேயே அவர்களிடம் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டாயாம். அவள் அப்பா, என் பொண்ணு நர்ஸ் வேலை பார்க்கறதுக்கு வரல, அம்மா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கற அளவுக்கு நிக்கறாங்களா, நான் என் கண்ணால பார்க்கணும் என்றாராம். நீ, தாராளமா வந்து பாருங்க சார் என்றாயாம். தட்டு, அவர் கேள்விகள், கழற்றாத செருப்பு எல்லாம் அதற்குத்தானாம். சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதா அத்தை? நீங்களும் சரின்னு சொன்னதாத்தான் அவர் சொன்னார்." நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "மாமாவுக்குக்கூடத் தெரியுமே" என்றாள். அப்புறம் இரண்டு டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "எங்கப்பா அப்படித்தான், எனக்குத் தெரியும். இவரும் அப்படின்னு எனக்குத் தெரியாது."

உன் அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "உங்கிட்ட சொன்னா நீ பயந்து விழுந்துடுவேன்னான். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போயிடும்னான். அதான் நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்த மனுஷன் அதைச் சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. மொட்டைமாடிக்குப் போய் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாங்க என்றேன். இறக்கிக் கொண்டுவந்தார். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மற்றவர்களை ஏமாற்ற என்னைக் கூட்டுச் சேர்த்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன், அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து செய்த தப்பு என்று. அப்பா பிடித்துக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது என்றாலும், எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றது நான் ஒருத்திதான். சந்தையில் மாட்டின் காலைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நேராக என்னிடம் வந்து, "அம்மா, அவங்க உன்னை நிக்க வெச்சுப் பார்க்கணுங்கறாங்க, என்ன பண்ணலாம்" என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? நின்றிருப்பேன். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, நின்றிருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, கேட்டால் நீ எனக்குக் கடன்பட்டவனாகிவிடுவாய் என்று.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதம் முடிக்கக்கூடாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். வினோதினி என்றைக்காவது கீழே விழுந்தால், உன் கையில் எது இருந்தாலும் முதலில் அதைக் கீழே போடு. அவள் எத்தனை என்று கேட்டாலும் பதில் சொல்லாதே. அவள் நன்றாக நடக்கிறாள் என்றால் எதைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாள் என்று பார், அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதே. இன்னொன்று, உனக்குச் சந்தோஷம் தராது, ஆனாலும் தெரிந்துகொள். உன் முகம் அப்பா ஜாடை, முழங்கால் என் ஜாடை. தரையில் உட்கார்ந்து நீ எழுந்திருக்கும்போது இப்போதே உன் வலது முட்டியில் சத்தம் வருகிறது. எனக்கும் முப்பது வயதில் அந்தப் பக்கம்தான் முதலில் வந்தது. உனக்கு அது வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்றும் வியாழக்கிழமையிலிருந்து வேண்டிக்கொள்ளவில்லை.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்துவிட்டேன். உன் கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். முதலில் இடது கால், பிறகு வலது. கூட இருக்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து என் தங்கை வருகிறாள். நீ லீவு போட வேண்டாம். இந்த வீடு என் பெயரிலும் உன் அப்பா பெயரிலும்தான் இருக்கிறது. கல்யாணமானதும் நீங்கள் இரண்டு பேரும் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போங்கள். வினோதினி நர்ஸ் வேலை பார்க்க வேண்டாம் என்ற அவள் அப்பாவின் கவலையும் தீர்ந்தது. நாளைக்கு அந்தப் பெயின்டர் வந்து ஹாலில் கைப்பிடி பொருத்துகிறார். ஆணி அடிக்கும்போது சந்தனக் கலர் கொஞ்சம் பெயரும் என்றார், பெயரட்டும் என்றேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வினோதினி கல்யாணமே வேண்டாம் என்று சொல்லலாம். நான் அவளைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவளுக்கு இதை அனுப்புவது நியாயத்துக்காகவா, உன்னைப் பழிவாங்கவா என்று நேற்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். பாதிக்குப் பாதி என்றுதான் பதில் வருகிறது.

அவள் சரி என்று சொன்னால், நான் கல்யாணத்துக்கு வருவேன். அம்மா இல்லாத மேடை என்று உனக்குப் பேர் வரவேண்டாம். ஆனால் நிற்க மாட்டேன். மேடை நடுவில், உனக்குப் பக்கத்தில், கை வைத்த நாற்காலி ஒன்று எனக்கு வேண்டும். மண்டபத்து ஆளிடமோ உன் நண்பர்களிடமோ சொல்லக்கூடாது. பட்டுவேட்டியோடு நீயே கீழே இறங்கி, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவள் அப்பா பார்க்க மேடை ஏறி வந்து போட வேண்டும். என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். அப்படிச் செய்ய உனக்கு முடியாது என்றால் சொல்லிவிடு, கட்டாயம் இல்லை. நான் ஆட்டோவை மண்டப வாசலில் நிறுத்தச் சொல்லி அதிலேயே உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஏன் டீச்சர் இறங்கலையா, ஏன் அக்கா இங்கேயே இருக்கீங்க என்று ஒவ்வொருவராக நின்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்வேன். எனக்குக் கால்தான் போனது, குரல் போகவில்லை. மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் மைக் இல்லாமல் கேட்கும்.

உன் அம்மா